மூன்றாவது சிலைக்கும் ஒரு பெயர் உண்டு

செப்டம்பர் 23 நினைவு விழாக் குழுவினருக்கு,

முதல் உலகப் போரில், 1918 செப்டம்பர் 23இல், இன்று இஸ்ரேலில் உள்ள ஹைஃபா துறைமுகத்தை இந்தியக் குதிரைப்படைகள் துருக்கியரிடமிருந்து பிடித்த நாளுக்கான உங்கள் விழா அழைப்பிதழ் போன வாரம் கைக்கு வந்தது. முகப்பில் டெல்லி தீன் மூர்த்தியின் படம். கல்தூணைச் சுற்றி நிற்கும் மூன்று வெண்கல வீரர்கள். அதற்குக் கீழே, நீங்கள் திறக்கப்போகும் கல்வெட்டின் வாசகம். வாசகத்தில் இருப்பவை இரண்டே ஈட்டிக் குதிரைப்படைகளின் பெயர்கள்: ஜோத்பூர் லான்சர்ஸ், மைசூர் லான்சர்ஸ். படத்தில் மூன்று பேர், எழுத்தில் இரண்டு பேர். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உங்களில் ஒருவராவது அந்த மூன்றாவது ஆள் யார் என்று கேட்டிருக்கலாம்.

நான் கேட்டேன். ஜூன் மாதத்திலேயே திருத்தங்களை எழுதி நேரில் கொண்டுவந்து கொடுத்தேன். பதில் இல்லை. ஆகஸ்டில் மறுபடியும் எழுதினேன். அதற்குப் பிறகு உங்கள் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "வாசகம் முடிவாகிவிட்டது அம்மா. ஹைதராபாத்காரர்கள் அன்றைக்குச் சண்டையே போடவில்லையே, அவர்கள் பெயரை எதற்குப் போடுவது?" என்றார். படையின் குதிரைகளைப் பராமரித்த குதிரைக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தேனே என்றதற்கு, "அவர்கள் சிப்பாய்கள் இல்லை, வேலையாட்கள்தானே" என்று முடித்துக்கொண்டார். இந்த இரண்டு பதில்களையும் விழுங்கிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார என்னால் முடியவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை ஊர் அறியச் சொல்கிறேன்.

பெங்களூர் கண்டோன்மென்டில் பிறந்து வளர்ந்தவள் நான். 31 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். என் பாட்டியின் அப்பா மைசூர் லான்சர்ஸ் லாயத்தில் குதிரைக்காரராக இருந்தவர். பட்டாளத்தோடு கப்பலேறி, பாட்டி வாயில் எப்போதும் "மிசிரு தேசம்" என்றே வந்த எகிப்துக்குப் போய், போர் முடிந்து திரும்பிவந்தவர். பதக்கம் வாங்கிவரவில்லை. வரும்போது கொண்டுவந்தது ஓர் இரும்புக் கொக்கி. குதிரையின் குளம்புக்கு அடியில் சிக்கிய கல்லையும் சேற்றையும் நோண்டி எடுப்பதற்கானது. அரைச்சாண் நீளம். கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளவென்று குழிந்திருக்கும். பாட்டி அதை வைத்து இஸ்திரிப் பெட்டிக்குள் கரியைக் கிளறுவார். எனக்குப் பத்து வயதில் அது என்ன என்று கேட்டபோது, "எங்க அப்பா குதிரைக்குச் செருப்புத் துடைத்தது" என்றார். இன்று அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

முதலில் ஹைதராபாத் விஷயத்துக்கு வருகிறேன்.

ஹைஃபாவைப் பிடித்தது இரண்டு தனித்தனிப் படைகளின் கூட்டு அல்ல. 15ஆம் இம்பீரியல் சர்வீஸ் குதிரைப்படை பிரிகேடு என்ற ஓர் அமைப்பு. சமஸ்தானங்கள் தங்கள் செலவில் வைத்திருந்த படைகளை, போர் வந்தால் பேரரசின் பயன்பாட்டுக்குத் தருவது என்று 1880களின் இறுதியில் உருவான ஏற்பாடுதான் இம்பீரியல் சர்வீஸ். சம்பளமும் தீனியும் சமஸ்தானத்துடையது. பயிற்சியைச் சரிபார்க்க வெள்ளைக்கார அதிகாரிகள் வந்து போவார்கள். ஆனால் கட்டளை இடுபவர்கள் இந்தியர்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அந்தக் காலத்தில், முப்பது ஆண்டு சேவை செய்த ரிசல்தார் (இந்தியக் குதிரைப்படை அதிகாரி) கூட நேற்று வந்திறங்கிய இளம் வெள்ளைக்கார லெப்டினன்டுக்குக் கீழேதான். ஹைஃபாவில் ஜோத்பூர் படையின் மேஜர் தல்பத் சிங் என்ற இந்தியர் தன் படைக்கு முன்னால் பாய்ந்தார் என்பதன் பின்னணி இதுதான். இதை உங்கள் கல்வெட்டு ஒரு வரியிலாவது சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். அதற்குப் பதில் "வீரத்திலகங்கள்", "மாவீரர்கள்", "சிங்கங்கள்" என்று மூன்று வரிகளை வீணாக்கியிருக்கிறீர்கள்.

இந்த பிரிகேடு 1914இன் இறுதியில் எகிப்துக்குப் போனபோது அதில் மைசூரும் ஹைதராபாத்தும் இருந்தன. பட்டியாலாவும் இருந்து பிறகு பிரிந்தது. 1915 பிப்ரவரியில் துருக்கியர் சூயஸ் கால்வாயைத் தாக்கியபோது கால்வாய்க் காவலில் இருந்த படைகளில் இவையும் உண்டு. ஜோத்பூர் அப்போது இங்கே இல்லை. எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்த சர் பிரதாப் சிங்கோடு பிரான்சுக்குப் போய், அகழிப்போரில் குதிரைக்கு வேலையில்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 1918இல்தான் பாலஸ்தீனத்துக்கு வந்து இந்த பிரிகேடில் சேர்ந்தது. ஜோத்பூரின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. பிரிகேடோடு நான்கு ஆண்டு மணல் தின்ற ஒரு படையை, ஒரே ஒரு பிற்பகலில் களத்தில் இல்லை என்பதற்காகக் கல்லிலிருந்து வெட்டி எறிகிறீர்கள் என்பதைச் சொல்கிறேன்.

அந்தப் பிற்பகலில் அவர்கள் எங்கே இருந்தார்கள்? பிடிபட்ட கைதிகளுக்குக் காவலாக அனுப்பப்பட்டிருந்தார்கள். 1918 செப்டம்பர் 19இல் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி தொடங்கிய அந்தத் தாக்குதலில், அக்டோபர் முடிவதற்குள் 75,000 பேர் கைதானார்கள். அத்தனை பேரையும் எண்ணி, தண்ணீர் கொடுத்து, வெயிலில் நடத்தி, பின்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? அதுவும் போர்தான். பட்டாளத்தில் யாருக்கு எந்த வேலை என்பதைச் சவார், அதாவது குதிரைவீரன், முடிவு செய்வதில்லை. அன்றைக்கு ஹைதராபாத்தை முன்னே விட்டு மைசூரைக் கைதிக் காவலுக்கு அனுப்பியிருந்தால், இன்று நம் ஊர்ப் பெயரை விட்டுவிட ஒப்புக்கொள்வீர்களா?

இதற்கு இன்னொரு காரணமும் மேடைகளில் காதில் விழுகிறது. நிஜாம் முஸ்லிம், துருக்கி சுல்தானும் முஸ்லிம், அதனால் ஹைதராபாத் படையை நம்பிச் சண்டைக்கு விடவில்லை என்று. சென்ற ஆண்டு உங்கள் மேடையிலேயே ஒருவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், கைதட்டலும் விழுந்தது. துருக்கி போரில் இறங்கிய அதே 1914இல், முஸ்லிம்கள் பிரிட்டிஷ் பக்கம் நிற்க வேண்டும் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டவர் நிஜாம் உஸ்மான் அலி கான். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். அதில் எனக்கு அவர்மேல் கோபமும் உண்டு. ஆனால் நம்பிக்கையில்லாத படையைக் கொண்டுபோய் யாரும் சூயஸ் கால்வாய்க் காவலில் நிறுத்துவதில்லை. இன்னொன்று: நீங்கள் கொண்டாடும் மைசூர் லான்சர்ஸிலும் தக்காணத்து முஸ்லிம்கள் இருந்தார்கள், மராத்தியரோடும் அரசு குலத்தாரோடும் ஒரே வரிசையில் குதிரை ஓட்டினார்கள். அவர்களை என்ன செய்யப்போகிறீர்கள்?

1922இல் டெல்லியில் அந்தச் சின்னத்தை நிறுத்தியவர்களுக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை. சிற்பி லியோனார்ட் ஜென்னிங்ஸ் வார்த்த மூன்று உருவங்களும் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் மூன்றுக்குமானவை. 2018 ஜனவரியில் அந்தச் சந்திப்புக்கு 'தீன் மூர்த்தி ஹைஃபா' என்று பெயர் நீண்டபோதுகூட, மூன்று என்ற எண்ணை யாரும் இரண்டாக்கவில்லை. அந்த வேலையை நம் ஊரில் நீங்கள்தான் முதலில் செய்கிறீர்கள்.

இனி வாசகத்தில் உள்ள மற்றவை. "உலக வரலாற்றின் கடைசிக் குதிரைப்படைப் பாய்ச்சல்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி என்ற சொல்லைக் கல்லில் வெட்டுவதற்கு முன் காலண்டரையாவது பார்த்திருக்கலாம். ஹைஃபாவுக்கு ஒரு மாதம் கழித்து, 1918 அக்டோபர் 26இல், அலெப்போவுக்கு வடமேற்கே ஹரித்தான் என்ற ஊரருகில் இதே ஜோத்பூரும் இதே மைசூரும் துருக்கியரின் பின்காவல் படை மீது பாய்ந்தன. எதிரே இருந்தது முஸ்தபா கமாலின் படை. பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவி அட்டாதுர்க் ஆனவர். எதிரியின் பலத்தைக் குறைவாகக் கணக்கிட்டுவிட்டார்கள். பாய்ந்த மைசூர் சவார்கள் மீண்டும் திரட்டி ஒன்று சேர்வதற்குள் எதிரி நிலைகொண்டுவிட்டான். ஜோத்பூரோடு இருந்த பிரிட்டிஷ் அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஹோல்டன் அங்கே இறந்தார். ஹைஃபாவைவிட அங்கே நம் இழப்பு அதிகம். அங்கே வெற்றி இல்லை, துறைமுகம் இல்லை, பின்னால் நட்புறவு ஒப்பந்தங்களும் இல்லை. அதனால் விழாவும் இல்லை. நான்கு நாள் கழித்துப் போர்நிறுத்தம். இன்னும் நான்கு நாள் தாக்குப்பிடித்திருந்தால் உயிரோடு ஊர் திரும்பியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். (1942இல் பர்மாவில் டவுங்கூ அருகே ஒரு குதிரைப்படை ஜப்பானியர் மீது பாய்ந்து அழிந்த கதையும் உண்டு. அதையும் சேர்த்தால் உங்கள் 'கடைசி' இன்னும் 24 ஆண்டு தள்ளிப்போகிறது.)

இறந்தவர் எண்ணிக்கை 900 என்று போட்டிருக்கிறீர்கள். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இஸ்ரேல் முழுவதும் உள்ள கல்லறைத் தோட்டங்களில் அடக்கமான இந்திய வீரர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு அது. பல களங்கள், பல ஆண்டுகள், பல நோய்கள் சேர்ந்தது. ஹைஃபாவில் அந்த ஒரு நாளில் இறந்தவர்கள் 8 பேர், காயம்பட்டவர்கள் 34 பேர். குதிரைகள் 60 மாண்டன, 83 காயப்பட்டன. பிடிபட்ட எதிரிகள் 1,350 பேர், பீரங்கிகள் 17. எட்டுப் பேர் இறந்தார்கள் என்று எழுதினால் கல் சிறுத்துப்போய்விடுமா? எட்டு என்பதால்தான் அந்தப் பிற்பகல் வியப்பாக இருக்கிறது. நூறு மடங்கு ஊதிப்பெருக்கியதும் அது வேறு ஏதோ போராகிவிடுகிறது.

உண்மையில் நடந்ததை நின்று பார்த்தால் ஊதிப்பெருக்கத் தேவையே இல்லை. ஒரு பக்கம் கார்மேல் மலை செங்குத்தாக எழுகிறது. மறுபக்கம் கிஷோன் ஆறும் சேறும். நடுவில் ஊருக்குள் போகும் இடுக்கு வழி. மலைமேல் பீரங்கிகள், கீழே எந்திரத் துப்பாக்கிகள். முந்தைய நாள் கவச கார்களோடு போன ஒரு சிறு படை ஊர் காலியாகிவிட்டது என்று நம்பிப் போய், குண்டு வாங்கித் திரும்பியிருந்தது. 23ஆம் தேதி காலையில் மைசூரின் ஒரு பகுதி மலைப்பாதையில் அனுப்பப்பட்டது. ஏற ஏறக் குதிரைகள் நொண்டின, ஆட்கள் குறைந்தார்கள். உச்சியில் பீரங்கி மீது பாய வேண்டிய நேரத்தில் குதிரைமேல் மிஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலர். பாய்ந்தார்கள், பீரங்கியைப் பிடித்தார்கள். பக்கபலமாக ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படையின் ஓர் அணி வந்தது. கீழே பிற்பகல் இரண்டு மணிக்கு ஜோத்பூர் புறப்பட்டது. ஆற்றைக் கடக்க இடம் பார்க்க முன்னே போன இரண்டு குதிரைவீரர்களைப் புதைமணல் விழுங்கியது. படை அப்படியே இடப்பக்கம் திரும்பி மலையடிவாரத்து எந்திரத் துப்பாக்கிகள் மீது ஏறியது. அந்தத் திருப்பத்தில்தான் தல்பத் சிங் அடிபட்டு விழுந்தார். கேப்டன் அமான் சிங் பொறுப்பேற்று ஊருக்குள் கொண்டுபோனார்.

புதைமணல் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. பாட்டியின் அப்பா அதை நேரில் கண்டவர் அல்லர். பாய்ச்சல் நடந்த இடத்துக்குக் குதிரைக்காரர்களை யாரும் அனுப்பவில்லை. திரும்பிவந்த சவார்கள் சொல்லிக் கேட்டது. ஆனாலும் குழந்தைகளுக்குச் சொல்லும்போது, "மண் குதிரையைக் குடித்தது" என்று சொல்லி அத்தோடு நிறுத்திவிடுவாராம். மனிதனையும் குடித்ததே என்று பாட்டி கேட்டால், "மனுஷன் தெரிந்து போனான்" என்பாராம்.

அவர்கள் வேலையாட்கள், சிப்பாய்கள் அல்லர் என்று உங்கள் செயலாளர் சொன்னதற்கு இப்போது வருகிறேன். ராணுவப் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். பட்டாளத்தைப் 'பின்தொடர்பவர்கள்' என்று. குதிரைக்காரர், புல் வெட்டுபவர், தண்ணீர் சுமப்பவர், லாடம் கட்டுபவர், தோல் தைப்பவர், சமையல்காரர். வெள்ளைக்காரன் போட்ட அந்தப் பிரிவை நாம் ஏன் நூறு ஆண்டு கழித்தும் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்? குதிரைப்படை என்றால் என்ன என்று உங்களில் யாராவது ஒரு நாள் லாயத்தில் நின்று பார்த்தால் தெரியும். விடிவதற்கு முன் தண்ணீர் காட்ட வேண்டும். பிறகு தேய்த்துவிட வேண்டும், குளம்பைப் பார்க்க வேண்டும், கொள்ளை ஊறவைத்து அளந்து போட வேண்டும், சேணம் உரசிய இடத்தில் புண் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சேணப்புண் வந்த குதிரை ஈட்டி ஏந்திய சவாருக்குப் பயன்படாது. 1918 கோடையில் யோர்தான் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கும் கீழே, புழுதியிலும் கொசுவிலும் இந்த பிரிகேடு கிடந்தது. அங்கே ஜூலை 14இல் ஜோத்பூரும் மைசூரும் பாய்ந்து துருக்கியரை விரட்டின. தல்பத் சிங்குக்கு விருது கிடைத்ததும் அந்தச் சண்டைக்குத்தான். அந்தப் பள்ளத்தாக்கின் வெயிலில் வாடிய குதிரைகள், செப்டம்பரில் இரவு பகலாக ஓடி ஹைஃபாவரை போய் அங்கே பாயும் நிலையிலும் இருந்தன என்றால், அது யார் கைவேலை?

இறந்துபோன குதிரைக்காரர்களின் பெயர்கள் என்னாயின என்பதையும் சொல்ல வேண்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, சிலசமயம் எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. அந்த எண்ணிக்கை 3,50,000 வரை போகலாம் என்றும் சொன்னது. மன்னிப்பும் கேட்டது. எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் கல்லறை இல்லாமல் போன கிட்டத்தட்ட 4,000 இந்தியர்களுக்காக, சூயஸ் கால்வாய் வாயிலில் போர்ட் தவ்ஃபிக்கில் ஒரு சின்னம் 1926இல் திறந்தார்கள். எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடந்த போர்களில் அது சிதைந்துபோனது. பெயர்களை 1980இல் கெய்ரோவின் ஹீலியோபோலிஸில் மறுபடியும் பொறித்தார்கள். பெயர் ஒருமுறை கல்லில் ஏறியிருந்ததால்தான் கல் உடைந்த பிறகும் மீட்க முடிந்தது. ஒருபோதும் ஏறாத பெயரை எங்கே போய்த் தேடுவது?

உங்கள் வாசகத்தில் உள்ள "இஸ்ரேலை விடுவித்த" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. 1918இல் இஸ்ரேல் என்று ஒரு நாடு இல்லை; அது 1948இல் வந்தது. அன்று ஹைஃபா ஒட்டோமான் பேரரசின், அதாவது துருக்கி சுல்தானின், துறைமுகம். அதைப் பிடித்தது டமாஸ்கஸ் நோக்கிப் போகும் படைக்குக் கடல்வழியாகச் சரக்கு இறக்குவதற்காக. ஒரு பேரரசிடமிருந்து இன்னொரு பேரரசு எடுத்துக்கொண்டது. நாமே அப்போது விடுதலை இல்லாத மனிதர்கள். போய்ச் சண்டையிட்டவர்களின் துணிவை மதிக்க அவர்களை யாருக்கோ விடுதலை வாங்கிக்கொடுத்தவர்களாக மாற்றத் தேவையில்லை.

நான் கேட்பவை இவை. கல்வெட்டில் 15ஆம் இம்பீரியல் சர்வீஸ் குதிரைப்படை பிரிகேடின் பெயரும், ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் என மூன்று படைகளின் பெயர்களும் வர வேண்டும். "கடைசி" என்ற சொல்லையும் 900 என்ற எண்ணையும் "இஸ்ரேலை விடுவித்த" என்பதையும் நீக்குங்கள். ஹரித்தானையும் அக்டோபர் 26ஐயும் சேருங்கள். பட்டாளத்தோடு போன குதிரைக்காரர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் ஒரு வரி கொடுங்கள்; பெயர் தெரியாவிட்டால் தொழிலின் பெயரையாவது எழுதுங்கள். விழாவுக்குச் சவார்களின் வாரிசுகளை அழைத்ததைப் போல அந்தப் பணியாளர்களின் குடும்பங்களையும் அழையுங்கள். பழைய லாயத் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், வீடு வீடாகப் போய்க் காட்ட நான் தயார். சென்ற ஆண்டு மேடையில் ஹைதராபாத் படையைப் பற்றிச் சொன்னதை இந்த ஆண்டு அதே மேடையில் திருத்திச் சொல்லுங்கள். இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதை விழாவுக்குப் பத்து நாள் முன்பாக எழுத்தில் தாருங்கள்.

செதுக்கக் கொடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்ற பதில் மட்டும் வேண்டாம். நேற்றுக் காலை அந்தப் பட்டறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கல் சாக்கு விரித்து மல்லாத்திப் போட்டிருக்கிறது. தலைப்பும் ஜோத்பூரும் வெட்டியாகிவிட்டது, மைசூர் சுண்ணாம்புக் கட்டியில் எழுதிய கோடாகத்தான் இருக்கிறது, 900 உட்பட மீதி எதையும் உளி தொடவில்லை. கீழே இடம் பற்றுமா என்று கேட்டேன். கல்தச்சர் முழம் போட்டுப் பார்த்து, "இன்னும் நாலு வரி தாராளமாகப் பிடிக்கும், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

இப்படிக்கு,
மைசூர் லான்சர்ஸ் குதிரைக்காரர் ஒருவரின் பேத்தி மகள்,
பெங்களூர்